‘கிராக்தானே, ஃபிராக்சர் இல்லையே?’

கட்டுப் பிரித்த கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. பிசியோதெரபிஸ்ட். எலும்பு ஒட்டியதா என்று பார்ப்பது ஆர்த்தோ டாக்டர் பாடு. ஒட்டிய பிறகு அந்தக் கை மடங்குமா, சோறு பிசையுமா என்பது என் பாடு. இந்த நாற்காலியில் தினமும் காதில் விழும் வாக்கியங்கள் நாலு உண்டு. “ஃபிராக்சர் இல்லைங்க, லேசா கிராக்தான்.” “விரல் நல்லா ஆடுது, அப்ப எலும்பு உடையல.” “மாவுக்கட்டு போட்டாத்தான் எலும்பு ஒட்டும்.” “ஆபரேஷன் பண்ணிட்டா சீக்கிரம் சரியாயிடும்.” முதல் மூன்றும் தப்பு. நாலாவது கால்வாசி சரி.

ஒரே வாரத்தில் வந்த இரண்டு கைகளை வைத்துச் சொன்னால் புரியும். ஒன்று, சைக்கிளிலிருந்து விழுந்த 9 வயதுப் பையனுடையது. இன்னொன்று, மழை ஈரத்தில் மொட்டை மாடிப் படியில் வழுக்கிய 58 வயது அம்மாவுடையது. இருவரும் விழும்போது கையை ஊன்றியிருக்கிறார்கள். இருவருக்கும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய ஒரே இடத்தில் முறிவு. எக்ஸ்ரேயில் எலும்பின் முனை புறங்கைப் பக்கமாக 15 டிகிரிபோலச் சாய்ந்திருந்தது. அம்மாவுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து நேராக்கிக் கட்டினார்கள், ஆறு வாரம். பையனுக்கு இழுக்கவே இல்லை. இருந்தபடியே கட்டு, நாலு வாரம். பையனின் அப்பா கொதித்துப்போய் வந்தார்: “கோணலா இருக்குன்னு எனக்கே படத்துல தெரியுது. அப்படியே கட்டி அனுப்பிட்டாங்க. சின்னப் பிள்ளைன்னா அவ்வளவு அலட்சியமா?”

அலட்சியம் இல்லை. பையனுக்குச் செய்யாமல் விட்டதுதான் சரியான சிகிச்சை. அவருக்கு அன்று கால் மணி நேரத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கீறல் விழுந்த பானையும் உடைந்த பானைதான்

ஃபிராக்சர் என்றால் எலும்பின் தொடர்ச்சி எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மயிரிழைக் கீறலும் அதுதான், துண்டு துண்டாக நொறுங்கியதும் அதுதான். ‘கிராக்’ என்பது தனி நோய் இல்லை. விலகாத முறிவுக்கு நாம் வைத்துக்கொண்ட செல்லப்பெயர். டாக்டர் கவலைப்படுவது வேறு மூன்று விஷயங்களைப் பற்றி. துண்டுகள் இடம் விட்டு விலகியிருக்கின்றனவா? முறிவு மூட்டுக்குள் ஓடுகிறதா? மேலே தோல் கிழிந்திருக்கிறதா? தோல் கிழிந்து எலும்பு வரை காயம் போயிருந்தால் அது அவசர நிலை. கிருமி உள்ளே போய்விடும் என்பதால் அன்றைக்கே ஆண்டிபயாடிக் ஊசியும் சுத்தம் செய்வதும் வேண்டும்.

விரல் ஆடுவதால் எலும்பு உடையவில்லை என்ற கணக்கும் செல்லாது. பொம்மலாட்டத்தில் பொம்மையின் கையை ஆட்டுகிறவர் திரைக்கு மேலே இருக்கிறார். கயிறுதான் கீழே வருகிறது. நம் விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகளும் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறுபோன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரலுக்குப் போகின்றன. கயிறு அறாத வரை, நடுவில் எலும்பு முறிந்திருந்தாலும் விரல் ஆடும். வலிக்கும், ஆனால் ஆடும்.

அதனால் விழுந்த கையில் வீக்கமும், ஒரே இடத்தில் தொட்டால் சுருக்கென்ற வலியும் இருந்தால், எக்ஸ்ரே எடுக்காமல் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். குழந்தைக்கு ‘சுளுக்கு’ என்று நாமே முடிவு கட்டுவது இன்னும் ஆபத்து. எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் தசைநார்கள் குழந்தையின் எலும்பை விடப் பல இடங்களில் வலுவானவை. பெரியவருக்கு நார் இழுபடும் அடியில் குழந்தைக்கு எலும்பு முறிந்துவிடும்.

முதலில் மோதிரம்

ஒரு கையில் மணிக்கட்டோடு சேர்த்து 27 எலும்புகள். இரண்டு கைக்கும் 54. உடம்பின் மொத்தம் 206 என்றால், கால்வாசி எலும்பு கையில்தான் இருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே முன்கையில் இரண்டு நீள எலும்புகள். கட்டைவிரல் பக்கத்தில் இருப்பதை ரேடியஸ் என்பார்கள். பள்ளிப் புத்தகத்தில் ஆர எலும்பு என்று படித்திருப்பீர்கள். கையை ஊன்றி விழும்போது பெரும்பாலான பாரத்தை வாங்குவது இதன் கீழ்முனை. அதனால் அதிகம் முறிவதும் அதுதான்.

டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை 1814-இல் விவரித்து எழுதினார். அப்போது எக்ஸ்ரே கிடையாது. கையைத் தொட்டும் பார்த்தும் மட்டுமே, மணிக்கட்டு ‘பிசகியதாக’ எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் எலும்பு முறிவு என்று சொன்னார். இன்றைக்கும் அதற்குக் காலிஸ் ஃபிராக்சர் என்றுதான் பெயர். ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-இல். அவர் எடுத்த புகழ்பெற்ற முதல் படமே அவருடைய மனைவியின் கைதான். அந்த எலும்பு விரலில் மோதிரம் பளிச்சென்று தெரியும்.

மோதிரம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். யாராவது கையை ஊன்றி விழுந்தால், ஆட்டோ கூப்பிடும் முன்பே மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரத்தில் வீக்கம் ஏறிவிட்டால் கழலாது. ராசிக்கல் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லும்போது சில குடும்பங்களில் முறிவுக்கு வராத அழுகை வருகிறது.

மாவுக்கட்டு ஒட்டுவதில்லை, பிடித்துக்கொள்கிறது

வீடு கட்டும்போது சென்ட்ரிங் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலகையும் முட்டும் கான்கிரீட்டை இறுக வைப்பதில்லை. இறுகுவது சிமென்ட்டின் வேலை. அது இறுகும் வரை வடிவம் குலையாமல் தாங்குவதுதான் சென்ட்ரிங்கின் வேலை. மாவுக்கட்டும் அதுவேதான். நெதர்லாந்து ராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மத்தைசன் 1851-இல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூளைத் துணியில் தேய்த்து இந்தக் கட்டைக் கொண்டுவந்தார். நனைத்துச் சுற்றினால் சூடாகி இறுகும். அதில் எலும்பை ஒட்டவைக்கும் மருந்து எதுவும் இல்லை. ஃபைபர் கட்டிலும் இல்லை. அது எடை குறைவு, விலை அதிகம், அவ்வளவுதான்.

ஒட்டவைப்பது எலும்பேதான். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். அந்தக் கட்டிக்குள் புது ரத்தக்குழாய்களும் செல்களும் நுழையும். இரண்டு மூன்று வாரத்தில் துண்டுகளைச் சுற்றி ரப்பர்போன்ற ஒரு பாலம் உருவாகும். அதற்கு கேலஸ் என்று பெயர். பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகும். கெட்டியான பின்னும் வேலை முடிவதில்லை. பூச்சுவேலை மாதிரி, அதிகப்படியைச் சுரண்டி, குறைந்த இடத்தை நிரப்பி, எலும்பு தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். இது மாதக்கணக்கில், குழந்தைக்கு வருடக்கணக்கில் நடக்கும்.

ஆக, எந்த முறிவுக்கும் மருத்துவர் முடிவெடுப்பது மூன்றுதான்: எந்த நிலையில் பிடித்து வைப்பது, எதைக்கொண்டு பிடிப்பது, எவ்வளவு நாள். ஒட்டுவது உடம்பின் பொறுப்பு.

பச்சைக் குச்சியும் காய்ந்த குச்சியும்

காய்ந்த வேப்பங்குச்சியை வளைத்தால் டப்பென்று இரண்டாகும். பச்சைக் குச்சி அப்படி உடையாது. ஒரு பக்கம் நார் நாராகப் பிளக்கும், மறுபக்கம் வளைந்தபடி தொங்கும். (முருங்கைக் கிளையை எடுத்துச் சோதிக்காதீர்கள், அது பச்சையிலேயே முறியும் ஜாதி.) குழந்தையின் எலும்பும் பச்சைக் குச்சிதான். அப்படிப் பாதி பிளந்து பாதி வளையும் முறிவைப் பச்சைக்குச்சி முறிவு என்றே சொல்கிறார்கள்.

அதைவிட லேசானது ஒன்று உண்டு. அலுமினிய டம்ளரைத் தரையில் குத்தினால் விளிம்புக்குக் கீழே புடைத்துக்கொள்ளும், ஆனால் கிழியாது. குழந்தையின் ரேடியஸ் முனையும் சில நேரம் அப்படிப் புடைப்பதோடு நின்றுவிடும். இது புடைப்பு முறிவு. இதற்கு மாவுக்கட்டே தேவையில்லை. பிரிட்டனில் 965 குழந்தைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2022-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குச் சாதாரணத் துணிக்கட்டு மட்டும், மீதிப் பேருக்குக் கெட்டியான கட்டு. மூன்றாம் நாள் வலியிலும், பிறகு கை தேறியதிலும் வித்தியாசம் இல்லை. “வெறும் துணிதான் சுத்தினாங்க” என்று கோபப்படும் பெற்றோர் இதை நினைவில் வைக்கலாம். ஆனால் அது புடைப்பு முறிவுதானா என்பதைப் படத்தைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, குழந்தைக்கு மட்டுமே உள்ள ஓர் இடம். எலும்பு நடுவில் நீளுவதில்லை. முனைக்கு அருகே உள்ள மெல்லிய குருத்தெலும்பு அடுக்கிலிருந்து நீளுகிறது. அதுதான் வளர்ச்சித் தட்டு. தமிழில் பெயரிலேயே ‘குருத்து’ இருப்பது பொருத்தம்: வாழை எங்கே வளர்கிறது என்று தெரிய வேண்டுமானால் குருத்தைப் பாருங்கள். ரேடியஸின் நீளத்தில் முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கத் தட்டிலிருந்துதான் வருகிறது. பதின்ம வயதின் பிற்பகுதியில் அது எலும்பாகி மூடிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். அதையே முறிவு என்று நினைத்துப் பதறும் பெற்றோரும் உண்டு.

இந்தத் தட்டு பக்கத்தில் இருப்பதால்தான் பையனின் கோணல் கவலையில்லை. வளர வளர எலும்பு தன் சாய்வைத் திருத்திக்கொள்ளும். இதை மறுவடிவமைப்பு என்பார்கள். வயது குறைவாக, முறிவு தட்டுக்கு அருகில், சாய்வு மணிக்கட்டு மடங்கும் அதே திசையில் என்றால் திருத்தம் நன்றாக நடக்கும். 9 வயதில் 15 டிகிரி அந்த வரம்புக்குள் வருகிறது. அதே கோணல் 15 வயதுப் பையனுக்கு இருந்திருந்தால் பேச்சு வேறு. வளர மிச்சம் அவ்வளவாக இல்லை. எலும்பு முறுக்கிக்கொண்டு நின்றால் எந்த வயதிலும் தானாகச் சரியாவதை நம்ப முடியாது.

மறுபக்கமும் உண்டு. முறிவு வளர்ச்சித் தட்டுக்குள்ளேயே ஓடினால் அந்த இடத்தில் வளர்ச்சி நின்றுபோகும் ஆபத்து, குறைவுதான் என்றாலும், இருக்கிறது. அதனால் கட்டுப் பிரித்த பிறகும் சில மாதங்கள் கழித்து வரச்சொல்வார்கள். “அதான் சரியாயிடுச்சே” என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சுருங்கச் சொன்னால், குழந்தையின் எலும்பு வளையும், சீக்கிரம் ஒட்டும், தன்னைத் திருத்திக்கொள்ளும். பெரியவரின் எலும்புக்கு அந்த மூன்றாவது சலுகை கிடையாது.

பெரியவருக்கு: இழுப்பதா, கம்பியா, பிளேட்டா

அந்த அம்மாவின் கைக்கு வருவோம். அவருக்கு எந்த நிலையில் ஒட்டுகிறதோ அந்த நிலைதான் நிரந்தரம். அதனால் இழுத்துப் பொருத்தினார்கள். இதற்கு ரிடக்ஷன் என்று பெயர். முதல் நாளில் முழுக்கட்டு போடாமல் பாதி மட்டும் கெட்டியாக உள்ள ‘ஸ்லாப்’ போடுவது, வீக்கம் ஏற இடம் விடத்தான். வாரம் ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரத்தில் பொருத்தியது நழுவக்கூடும். வீக்கம் வற்றியதும் கட்டு தொளதொளக்கும், எலும்பு சாயும்.

நழுவும் என்று தெரிந்தால் இரண்டு வழி. தோல் வழியே மெல்லிய எஃகுக் கம்பி செருகுவது ஒன்று, கே-ஒயர் என்பார்கள். கீறித் திறந்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைப்பது இன்னொன்று. பிளேட் விலை அதிகம், அதனால் உசத்தி என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. பிரிட்டனில் 461 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழித்துக் கையின் பயன்பாட்டில் பெரிய வேறுபாடு இல்லை. 2022-இல் வந்த இன்னோர் ஆய்வு, 500 பேரில், கே-ஒயரையும் நன்றாக அழுத்தி வடிவமைத்த மாவுக்கட்டையும் ஒப்பிட்டது. அங்கேயும் ஒரு வருட முடிவு ஒன்றுதான். ஆனால் கட்டு மட்டும் போட்டவர்களில் எட்டுப் பேரில் ஒருவருக்கு எலும்பு நழுவி, பின்னால் ஆபரேஷன் தேவைப்பட்டது. அந்த எட்டில் ஒருவரைச் சரியான நேரத்தில் கண்டுபிடிக்கத்தான் வாராவாரம் எக்ஸ்ரே.

இந்த ஆய்வுகள் எல்லா முறிவுக்கும் பொருந்தாது. மூட்டின் வழவழப்பான பரப்பு படிபோல ஏறி இறங்கி நின்றால் திறந்து பொருத்துவது தேவைப்படலாம். பிளேட் வைத்தால் சீக்கிரம் கட்டைப் பிரித்து அசைக்க முடியும் என்பதும் உண்மை. ‘கால்வாசி சரி’ என்று சொன்னது அதைத்தான். சீக்கிரம் அசைக்கலாம், எலும்பு சீக்கிரம் ஒட்டிவிடாது.

ஐம்பதைக் கடந்த பெண், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தால், கட்டோடு கதை முடியக் கூடாது என்பது என் கட்சி. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அரிக்கப்பட்டு மெலியத் தொடங்கியதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். எலும்பு அடர்த்திச் சோதனை ஒன்றை அப்போதே கேட்டு எடுத்துவிட்டால், பத்துப் பதினைந்து வருடம் கழித்து இடுப்பு முறிவதைத் தடுக்க வழி கிடைக்கும். அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல நாங்கள் மூன்று பேர் தேவைப்பட்டோம்.

ஏமாற்றும் முறிவுகள்

கட்டைவிரலைத் தூக்கிப் பிடியுங்கள். மணிக்கட்டுப் பக்கம் இரண்டு தசைநாண் கயிறுகளுக்கு நடுவே ஒரு குழி தெரியும். மூக்குப்பொடிக் குழி என்று அதற்குப் பெயரே உண்டு. பொடி போடுகிறவர்கள் அதில் வைத்து உறிஞ்சுவார்களாம். அந்தக் குழிக்கு அடியில் ஸ்காஃபாய்டு என்ற முந்திரிப்பருப்பு அளவு எலும்பு இருக்கிறது. இளைஞர்கள் பைக்கிலிருந்து, விளையாட்டில் விழும்போது முறிவது இது. இதில் இரண்டு வில்லங்கம். முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ரத்த ஓட்டம் விரல் பக்கத்து முனையிலிருந்து முன்கைப் பக்கமாக வருகிறது. கடைமடை வயலுக்கு நடுவாய்க்கால் உடைந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்: அந்தப் பக்கத் துண்டு ரத்தம் இல்லாமல் செத்துப்போகலாம், ஒட்டாமலே நிற்கலாம். எனவே குழியில் அழுத்தினால் வலிக்கிறது, படம் சுத்தமாக இருக்கிறது என்றால், கட்டுப் போட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி படமோ, இல்லை எம்.ஆர்.ஐ.யோ எடுப்பார்கள். “ஒண்ணுமே இல்லாததுக்குக் கட்டா?” என்று அவிழ்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்துத் தேய்ந்த மணிக்கட்டோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

கோபத்தில் சுவரைக் குத்தினால் சுண்டுவிரலுக்கு அடியில் உள்ள உள்ளங்கை எலும்பின் கழுத்து முறியும். கொஞ்சம் மடங்கியிருந்தால் பரவாயில்லை. அந்த இடத்து மூட்டு நிறைய அசைவதால் ஈடுகட்டிவிடும். பார்க்க வேண்டியது முறுக்கலை. மெதுவாக விரல்களை மடக்கினால் நாலும் கட்டைவிரல் அடிவாரத்தை நோக்கிச் சாய வேண்டும். ஒரு விரல் மட்டும் பக்கத்து விரல்மேல் ஏறினால் திருத்த வேண்டும். சரியாக இருந்தால் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுவதே போதும்.

கேட்ச் பிடிக்கும்போது பந்து நுனியில் பட்டு, விரல்நுனி தொங்கிப்போவது இன்னொன்று. நீட்டியபடி வைக்கும் சின்னச் சிம்பை ஆறு வாரத்துக்குக் குறையாமல், குளிக்கும்போதும்கூட, வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை மடங்கினால் கணக்கு முதல் நாளிலிருந்து. குழந்தையின் விரல் கதவிடுக்கில் நசுங்கி, நகத்தின் அடியில் ரத்தம் வந்து, நுனி வளைந்திருந்தால் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு உட்காராதீர்கள். அது வளர்ச்சித் தட்டு வழியே போன, தோலும் கிழிந்த திறந்த முறிவாக இருக்கலாம்.

கட்டு இறுகினால் காத்திருக்காதீர்கள்

நம் பக்கத்தில் புத்தூர் கட்டு, உளுந்தும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பற்று, மூங்கில் பத்தை எல்லாம் தலைமுறை தலைமுறையாக உண்டு. விலகாத முறிவு எந்தக் கட்டில் வைத்தாலும் ஒட்டும். ஒட்டுவது எலும்பு என்று மேலே சொன்னேனே. அந்தக் கட்டுகளின் நல்ல பெயரில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. சிக்கல், படம் பார்க்காமல், வீக்கம் ஏறும் முதல் இரண்டு நாளில் இறுக்கிக் கட்டும்போது வருகிறது. ஆஸ்பத்திரியில் போட்ட கட்டிலும் இது நடக்கும்.

தசைகள் உறைக்குள் அடைபட்டவை. வீக்கம் வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏறினால் ரத்த ஓட்டம் நிற்கும். சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரலை வேறொருவர் மெல்ல நீட்டினாலே துடிக்கும் வலி, மரத்துப்போதல், விரல் நீலமாகவோ வெளிறியோ சில்லென்றோ ஆவது: இதில் எது இருந்தாலும் ராத்திரி இரண்டு மணி என்றாலும் கிளம்புங்கள். கட்டைப் பிளந்துவிட்டால் போதும் என்ற கட்டத்திலேயே போய்ச் சேருவது முக்கியம்.

ஆறு வாரத்துக்குப் பிறகு

கட்டுப் பிரித்த கையைப் பார்த்து எல்லாரும் திடுக்கிடுவார்கள். தோல் செதில் செதிலாக உரியும், முன்கை மெலிந்திருக்கும், ஒரு புளித்த வாடை வரும். அதெல்லாம் இரண்டு வாரத்தில் போய்விடும். போகாதது இறுக்கம். பெரியவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போவதை விட விரல் இறுகிப்போவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கட்டில் இருக்கும்போதே விரல், முழங்கை, தோள் மூன்றையும் தினமும் பல முறை முழுக்க அசைக்க வேண்டும். முதல் சில நாள் கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும். கழுத்தில் மாட்டும் தூளியில் மணிக்கட்டு தொங்கினால் வீக்கம் விரலுக்கு இறங்கும். அரிக்கிறது என்று ஸ்கேலைச் செருகாதீர்கள். உள்ளே புண்ணானால் பிரிக்கும்வரை தெரியாது. சிகரெட் பிடிப்பவருக்கு எலும்பு தாமதமாக ஒட்டும்.

ஆட்டுக்கால் சூப் குடிக்கலாமா என்று கேட்காத வீடில்லை. குடியுங்கள், ருசியாக இருக்கும். ஆனால் எலும்பிலுள்ள சுண்ணாம்பு கொதிநீரில் அவ்வளவாகக் கரைந்து வராது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கூழோ களியோ உங்கள் இஷ்டம்.

கே-ஒயரை நாலு முதல் ஆறு வாரத்தில் வெளிநோயாளியாகவே உருவிவிடுவார்கள். பெரியவருக்குப் பிளேட் உறுத்தாவிட்டால் அப்படியே விட்டுவிடுவது வழக்கம்.

பையனுக்கு என்னிடம் வேலையே இருக்கவில்லை. கட்டுப் பிரித்து இரண்டு வாரத்தில் கை பழையபடி ஆனது. குழந்தைகளுக்கு விளையாட்டே பிசியோ. அம்மாவுக்கு எட்டு வாரம் பிடித்தது. மடக்குவது நீட்டுவது வந்துவிட்டது. உள்ளங்கையை மேலே திருப்புவதுதான் வரவில்லை. கோயிலில் தீர்த்தம் வாங்கக் கை குழிய மாட்டேன் என்றது. முழங்கையை உடம்போடு சேர்த்துவைத்துத் திருப்பச் சொன்னால், தோளைச் சாய்த்து ஏமாற்றுவார். சப்பாத்திக் கட்டையின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையின் கனத்தால் கையை வெளிப்பக்கமாகச் சாயவிடும் பயிற்சி கொடுத்தேன். ஒன்பதாம் வாரம் வந்தவர் நாற்காலியில் உட்காராமலே கையை நீட்டி, திருப்பி, குழித்துக் காட்டினார். “நேத்து சிந்தாம வாங்கினேன்.”

பையனின் அப்பா ஆறு மாதம் கழித்துப் புதுப் படத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார். பழையதையும் பக்கத்தில் வைத்தார். கோணலைத் தேடி எடுக்க இருவருக்கும் கொஞ்ச நேரம் ஆனது.